வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரு சுவர்

தொழில் நொடித்துப்போனவரைப் பற்றி நம் ஊர்களில் "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டார்" என்பார்கள். கொஞ்சம் கோர்ட்டுப் பழக்கம் உள்ளவர்கள் "ஐ.பி. போட்டுட்டார்" என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். கடன் கொடுத்தவர்களுக்குத் திருப்பித் தர என்னிடம் ஒன்றுமில்லை என்று நீதிமன்றத்தில் போடும் திவால் மனு அது. இந்தப் பேச்சில் கவனிக்க ஒன்று இருக்கிறது. கடை நொடித்தது என்று யாரும் சொல்வதில்லை. நொடித்தவர் ஆள். கடை வேறு, ஆள் வேறு என்ற நினைப்பே அதில் கிடையாது.

சட்டமும் பெரும்பாலான சிறுதொழில்களை அப்படித்தான் பார்க்கிறது. 2015-16இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 73ஆம் சுற்று, நாட்டில் 6.33 கோடி குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் இருப்பதாகக் கணக்கிட்டது. அவற்றில் ஏறத்தாழ 6.08 கோடி, தனி ஒருவர் தம் சொந்தப் பொறுப்பில் நடத்துபவை. தமிழ்நாட்டின் பங்கு 49.48 லட்சம். கடைப் பலகையில் குலதெய்வத்தின் பெயர் இருக்கலாம், மகளின் பெயர் இருக்கலாம். அந்தப் பெயருக்குச் சட்டத்தில் தனி உயிர் இல்லை. அதன் கடன் முதலாளியின் கடன், அதன் மேல் வரும் வழக்கு முதலாளியின் மேல் வரும் வழக்கு. தீர்ப்பு எதிராகப் போனால் ஜப்தி பட்டறையோடு நிற்காது, வீட்டுத் திண்ணைக்கும் வரும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சிலவற்றை மட்டும் தொடக்கூடாது என்று விலக்கி வைத்திருக்கிறது: உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை. தாலியையும் சட்டியையும் சட்டம் விட்டுவைக்கிறது. பட்டா நிலமும் மாடி வீடும் அந்தப் பட்டியலில் இல்லை.

கூட்டாகத் தொழில் செய்தால் பாரம் பாதியாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கூட்டாளிகள் சேர்ந்தும் தனித்தனியாகவும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. கால் பங்குக்காரர் ஊரில் வசதியானவராக இருந்தால், கடன்காரர் அவர் ஒருவரிடமே முழுத் தொகையையும் வசூலிக்கலாம். மற்ற மூவரிடம் அவரவர் பங்கைக் கேட்டு அலைவது அந்த வசதியானவரின் தலைவிதி.

இதனால்தான் ஆடிட்டர் அலுவலகங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கிறது: "பிரைவேட் லிமிடெட் ஆக்கிட்டா வீடு தப்பிச்சிடுமா?" யூடியூபில் தொழில் ஆலோசனை சொல்பவர்கள் தப்பிக்கும் என்கிறார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு பத்து நாளில் பதிந்து தருபவர்களும் அதையே சொல்கிறார்கள். என் பதில் வேறு. வீட்டை நோக்கி யார் வருகிறார், அவர் கையில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது.

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1906 அக்டோபர் மாதம். சென்னையில் ஆர்பத்நாட் அண்ட் கோ என்ற பெயர்பெற்ற வங்கி, 22ஆம் தேதி கதவை மூடியது. அது பங்குக் கம்பெனி அல்ல, கூட்டாளிகள் நடத்திய நிறுவனம். ஆயிரக்கணக்கான நடுத்தரக் குடும்பங்களின் சேமிப்பு அதோடு மூழ்கியது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. அந்த அடியிலிருந்து பிறந்தது 1907இல் தொடங்கிய இந்தியன் வங்கி. முன்னின்றவர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். இம்முறை நாலைந்து கூட்டாளிகளை நம்பும் வடிவம் வேண்டாம் என்று பங்குக் கம்பெனியாகவே அமைத்தார்கள். அதே 1906 அக்டோபரில், ஆர்பத்நாட் விழுவதற்கு ஆறு நாள் முன்பு, 16ஆம் தேதி, தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. முதல் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். வ.உ.சி. ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றார். 25 ரூபாய் கொடுத்து ஒரு பங்கு வாங்கியவர், சட்டப்படி இழக்கக்கூடியது அந்த 25 ரூபாயைத்தான். கப்பல் மூழ்கினாலும், கம்பெனி கடனில் மூழ்கினாலும் அவர் வீட்டுக்கு ஜப்தி வராது. இந்த உறுதி இல்லாமல் வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதும் ஒரு தொழிலுக்கு எளியவர்கள் பணம் போட்டிருப்பார்களா என்பது சந்தேகமே. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. வ.உ.சி.யைச் சிறைக்கு அனுப்பியது கம்பெனிக் கடன் அல்ல, அரசத்துரோக வழக்கு. அதைத் தடுக்கும் கம்பெனி வடிவம் எதுவும் கிடையாது.

பங்குதாரரின் பொறுப்பைப் போட்ட முதலோடு நிறுத்தும் இந்தச் சட்டம் அப்போது இங்கே புதிதல்ல. இங்கிலாந்து 1855இல் வரையறுத்த பொறுப்பை ஏற்றது. இரண்டே ஆண்டில், 1857இல், இந்தியாவிலும் சட்டம் வந்தது. ஆனால் அது பலர் சேர்ந்து முதல் போடும் ரயில், கப்பல், மில் போன்ற பெருந்தொழில்களை மனதில் வைத்துச் செய்த சட்டம். ஒற்றை ஆள் நடத்தும் பட்டறை இந்தக் குடைக்குள் நுழையலாமா என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர் லண்டன் ஒயிட்சேப்பலில் பூட்ஸ் தைத்து விற்ற ஆரன் சாலமன். சட்டக் கல்லூரியில் முதலாண்டிலேயே சொல்லிக்கொடுக்கும் கதைதான். ஆனால் அதன் நுணுக்கம் வகுப்பறைக்கு வெளியே வருவதில்லை என்பதால் சற்று நின்று பார்க்கலாம்.

சாலமன் முப்பது ஆண்டுக்கு மேல் நல்லபடியாகத் தொழில் நடத்தியவர். 1892இல் அதைக் கம்பெனி ஆக்கினார். அன்றைய சட்டம் ஏழு உறுப்பினர் கேட்டது. அவர், மனைவி, ஒரு மகள், நான்கு மகன்கள். கணக்குச் சரி. மற்ற ஆறு பேருக்கும் ஆளுக்கொரு பங்கு, மீதி இருபதாயிரம் பங்கும் அவருக்கு. தொழிலைச் சுமார் 39,000 பவுண்டுக்குத் தம் கம்பெனிக்கே விற்றார். அதில் 10,000 பவுண்டைக் கையில் வாங்காமல், கம்பெனியின் சொத்தை ஈடாகக் கொண்ட கடன் பத்திரமாக வாங்கிக்கொண்டார். வேலைநிறுத்தங்கள் வந்தன, வியாபாரம் படுத்தது, கம்பெனி கலைப்புக்குப் போனது. இருந்த சொத்து, ஈடு வைத்திருந்தவர்களுக்கே சரியாகப் போனது. தோலும் நூலும் கடனாகக் கொடுத்த வியாபாரிகளுக்கு மிச்சம் இல்லை. கம்பெனி என்பது பெயருக்குத்தான், ஆள் சாலமன்தான், அவரே எல்லாக் கடனையும் கட்டட்டும் என்று கலைப்பாளர் வாதாடினார். முதல் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒப்புக்கொண்டன. அதற்குள் வழக்கு நடத்தப் பணம் இல்லாத ஏழையாகிவிட்ட சாலமன், அந்த நிலையிலேயே பிரபுக்கள் சபைக்குப் போனார். 1896 நவம்பரில் சபை ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி பதிவான கம்பெனி தனி ஆள். பங்கு யார் கையில் எத்தனை இருந்தாலும் அந்த ஆள் வேறு, சாலமன் வேறு.

ஒற்றை ஆள் கம்பெனி என்ற எண்ணத்தின் வேர் இதுதான். இந்தியாவில் அது நேரடியாக வர 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜே.ஜே. இரானி குழு 2005இலேயே பரிந்துரைத்தது. இன்று ஒருவர் மட்டும் பங்குதாரராக, தமக்குப் பின் யார் என்று ஒரு வாரிசைக் குறிப்பிட்டு, கம்பெனி பதியலாம். குறைந்தபட்ச முதல் ஒரு லட்சம் வேண்டும் என்ற விதி 2015இல் எடுக்கப்பட்டது. 50 லட்சம் முதலைத் தாண்டினால் வேறு வடிவத்துக்கு மாறியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் 2021 ஏப்ரலில் போனது. சுவர் எழுப்புவது இப்போது மலிவு.

சாலமன் கதையில் பலர் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. அவரைக் காப்பாற்றியது கம்பெனி மட்டும் அல்ல. வெளியாட்கள் யாரிடமும் கம்பெனியின் கடனுக்கு நான் பொறுப்பு என்று அவர் எழுதிக்கொடுக்கவில்லை. அதுதான் முதல் காரணம். நம் ஊர்ச் சிறுதொழிலதிபர் செய்யும் முதல் காரியமே அதை எழுதிக்கொடுப்பதுதான்.

ஈரோட்டில் ஒருவர் பத்து விசைத்தறி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரைவேட் லிமிடெட் பதிகிறார். தாமும் மனைவியும் இயக்குநர்கள். கம்பெனி பெயரில் வங்கியில் 60 லட்சம் கேட்கிறார். வங்கி மேலாளர் நல்லவர், கடன் தருகிறார். நீட்டும் காகிதக் கட்டில் ஒன்று ஜாமீன் பத்திரம். இருவரும் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுப் பத்திரத்தையும் ஈடாகக் கொடுக்க வேண்டியிருக்கும். பேனாவை எடுத்தவுடன் சுவரில் ஒரு வாசல் திறந்துவிட்டது. ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு ஒரே வரியில் சொல்கிறது: கடனாளியின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கு. முதலில் கம்பெனியிடம் வசூலிக்கப் பார், கிடைக்காவிட்டால் என்னிடம் வா என்று ஜாமீன்தாரர் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1968இலேயே தீர்த்துவிட்டது. வங்கி விரும்பினால் நேரே வீட்டுக்கு வரலாம். வீடு ஈடாக இருந்தால் 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி, 60 நாள் நோட்டீசுக்குப் பின் நீதிமன்றப் படியேறாமலே கைப்பற்றி ஏலம் விடலாம். நாளிதழ்களில் வரும் அந்தப் பொடி எழுத்து அறிவிப்புகளைப் படித்துப் பாருங்கள். கடன் வாங்கியவர் என்ற இடத்தில் ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே ஜாமீன்தாரர்கள் என்று கணவன், மனைவி, சில சமயம் வயதான தாயார். சொத்து விவரத்தில் வீட்டின் நான்கெல்லை.

திவால் சட்டம் வந்த பிறகு இந்த வாசல் இன்னும் அகலமானது. 2016ஆம் ஆண்டின் சட்டப்படி கம்பெனி மீது திவால் நடவடிக்கை தொடங்கினால், அதன் மேல் உள்ள வழக்குகளும் வசூலும் அந்தக் காலம் முடியும்வரை நிற்கும். அந்த நிழல் ஜாமீன்தாரருக்கும் உண்டா? தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றின் நிர்வாக இயக்குநர் தம் சொந்த ஜாமீன் விஷயத்தில் அதைக் கேட்டார். தீர்ப்பாயமும் மேல் தீர்ப்பாயமும் உண்டு என்றன. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. அடுத்த ஆண்டு, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்ற தனிமனிதர்கள் மீதே திவால் நடவடிக்கை தொடங்கும் பகுதியை அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதை எதிர்த்த வழக்கு 2021 மே மாதம் தோற்றது. கம்பெனியை வேறொருவர் எடுத்து, கடனில் ஒரு பகுதியைக் கட்டித் தீர்த்துவிட்டாலும், மீதிக்கு ஜாமீன்தாரர் தானாக விடுபட மாட்டார் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. கம்பெனி பிழைக்கலாம், கைமாறலாம், புதுப் பெயரில் ஓடலாம். கையெழுத்துப் போட்டவர் மட்டும் பழைய கடனோடு நிற்பார்.

இதை வங்கிகளின் கொடுமை என்று நான் சொல்ல மாட்டேன். பத்து தறியும் ஒரு பலகையும் தவிர வேறெதுவும் இல்லாத கம்பெனிக்கு யார் கடன் கொடுப்பார்? சுவர் தங்களுக்கு எதிராக எழுப்பப்பட்டது என்பது தெரிந்தவர்கள் வாசல் கேட்கத்தான் செய்வார்கள். சந்தையும் இதைத் தன் வழியில் கற்றுக்கொண்டிருக்கிறது. நூல் கொடுக்கும் மில் முகவர், "கம்பெனி செக்கோட உங்க சொந்தச் செக் ஒண்ணும் கொடுங்க" என்று கேட்பதற்குப் பொருள் அதுதான். பிறர் கடனுக்காகக் கொடுத்த சொந்தக் காசோலையும் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் குற்றமே. கம்பெனிக் காசோலை திரும்பினாலும், 141ஆம் பிரிவு அன்றாட நிர்வாகத்தைக் கவனிக்கும் இயக்குநரையும் குற்றக் கூண்டில் ஏற்றுகிறது. கம்பெனி திவால் நடவடிக்கையில் இருக்கும்போது அதன் மேல் உள்ள காசோலை வழக்கு நிற்கும், இயக்குநர் மேல் உள்ளது நிற்காது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தண்டனை இரண்டாண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

அப்படியானால் சுவர் யாரைத்தான் தடுக்கிறது? ஜாமீனும் காசோலையும் வாங்காத சரக்குக்காரர், கட்டடச் சொந்தக்காரர், சரக்குத் தாமதமானதற்கு நட்டஈடு கேட்கும் வாடிக்கையாளர், ஒப்பந்தம் முறிந்ததாக வழக்குப் போடும் எதிர்த்தரப்பு. இவர்கள் கம்பெனியோடு பேசியவர்கள், கம்பெனியிடம்தான் வசூலிக்க முடியும். சிறு ஏற்றுமதியாளர் ஒருவரின் சரக்கு தரமில்லை என்று வெளிநாட்டு வாங்குநர் கோடிக்கணக்கில் நட்டஈடு கேட்டால், தனி உரிமையாளருக்கு அது குடும்பமே கவிழும் அடி. கம்பெனிக்கு அது கம்பெனியோடு முடியும். திருப்பூரில் ஆர்டர் எடுப்பவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே கம்பெனி தேவை என்பேன்.

அமெரிக்காவில் கம்பெனி பதிவைப் பற்றி எழுதப்படும் ஆலோசனைகள் வேறொரு பயத்திலிருந்து வருபவை. கடையில் வழுக்கி விழுந்தவர், காப்பி கொட்டிக்கொண்டவர், ஜூரியின் முன் பெருந்தொகை கேட்பார் என்ற பயம். 1977இல் வயோமிங் மாநிலம் எல்.எல்.சி. என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது, பிறகு நாடெங்கும் பரவியது. அந்த ஆலோசனையை அப்படியே தமிழில் பேசுகிறார்கள். இங்கே நிலைமை அது இல்லை. உரிமையியல் நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்பவர் கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2017 வரை அது ஏழரை விழுக்காடு, இப்போது மூன்று. முன்பின் தெரியாத ஒருவர் போடும் பெரிய நட்டஈட்டு வழக்கு இங்கே அபூர்வம். வீட்டைக் கொண்டுபோவது பெரும்பாலும் தெரிந்தவர் கையில் உள்ள காகிதம்.

அபூர்வம் என்றால் இல்லை என்று பொருள் அல்ல. கல்யாணச் சமையல் ஒப்பந்தக்காரரின் சாப்பாட்டில் நூறு பேருக்கு வாந்தி, டெலிவரி வண்டி மோதி ஒருவர் மரணம், பட்டறையில் பாய்லர் வெடிப்பு. இங்கே கம்பெனி ஒரு பாதியைத்தான் காக்கும். ஊழியரின் தவறுக்குக் கம்பெனி பொறுப்பு, முதலாளி தனிப்பட்ட முறையில் இல்லை. முதலாளியே வண்டி ஓட்டியிருந்தால், முதலாளியே கெட்ட எண்ணெய் வாங்கச் சொல்லியிருந்தால், தன் கையால் செய்த தவறுக்கு அவர் எந்த வடிவத்திலும் பொறுப்பே. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். கம்பெனி நடத்தும் பலர் டாடா ஏஸை இன்னும் சொந்தப் பெயரில்தான் வைத்திருக்கிறார்கள். விபத்து நட்டஈட்டு வழக்கில் வண்டியின் உரிமையாளராக நிற்பவர் அவர், கம்பெனி அல்ல. இந்த வகை ஆபத்துக்குச் சரியான மருந்து காப்பீடு. கம்பெனி பதிவு அதற்கு மாற்று ஆகாது. தீ, விபத்து, தொழிலாளர் இழப்பீடு, பொருளால் வரும் கேடு ஆகியவற்றுக்கான பாலிசிகளுக்கு ஆண்டுதோறும் கட்டும் பிரீமியத்தைச் சேமித்துவிட்டு, கம்பெனி இருக்கிறதே என்று இருப்பவரை நான் புத்திசாலி என்று சொல்ல மாட்டேன். தொழிற்சாலையில் இன்னொரு கண்ணி உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், கம்பெனி நடத்தும் ஆலைக்கு ஒரு இயக்குநரையே பொறுப்பாளராகக் கருதும் என்று வைத்தது. சம்பளத்துக்கு மேலாளரை வைத்து அவர் தலையில் பொறுப்பைக் கட்டும் வழி அதோடு அடைபட்டது.

அரசுக்கு வரி பாக்கி வைத்தவர் கதை எல்லாவற்றையும் விட வினோதம். வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 179), சரக்கு சேவை வரிச் சட்டத்தில் 89ஆம் பிரிவு. கம்பெனியிடம் வசூலாகாத வரியை, அந்தக் காலத்தில் இயக்குநராக இருந்தவர்களிடம் சொந்தப் பொறுப்பில் வசூலிக்கலாம் என்பவை இவை. வசூலாகாமல் போனதற்குத் தம் அலட்சியமோ முறைகேடோ காரணம் இல்லை என்று காட்டுவது இயக்குநரின் வேலை. வினோதம் என்றேன், ஏனென்றால் இவை பிரைவேட் கம்பெனிக்கு மட்டும் பொருந்துபவை. பங்குச் சந்தையில் பட்டியலான பெரிய கம்பெனியின் இயக்குநரை இந்தப் பிரிவுகள் தொடுவதில்லை. பெரியவரின் சுவரில் இல்லாத ஓட்டையைச் சட்டம் சிறியவரின் சுவரில் போட்டு வைத்திருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு: சிறு கம்பெனியில் பணத்தைக் கையாள்பவரும் பங்குதாரரும் ஒருவரே. காரணம் புரிகிறது, இருந்தாலும் பதிவுக் கட்டணம் வாங்குபவர்கள் இதை முன்பே சொல்ல வேண்டாமா?

சுவரைச் சட்டத்தை ஏய்க்கவே எழுப்பினால் நீதிமன்றம் அதை இடிக்கும். மதுரை மீனாட்சி மில் வழக்கு நம்மவர் மறக்கக்கூடாதது. பிரிட்டிஷ் இந்தியாவின் வரி செல்லாத புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்த வங்கிக் கிளையில் மில்கள் பணத்தை வைப்பாகப் போட்டன. அந்த வைப்பை ஈடாகக் காட்டி அதே வங்கியின் மதுரைக் கிளையில் கடன் எடுத்தன. மில்லும் வங்கியும் ஒருவர் கட்டுப்பாட்டில். காகிதத்தில் பார்த்தால் வங்கி வேறு, மில் வேறு, கடன் வேறு. உச்ச நீதிமன்றம் 1960களில் காகிதத்தை விலக்கிப் பார்த்தது. வரி ஏய்ப்புக்கோ சட்டக் கடமையைச் சுற்றிப் போவதற்கோ கம்பெனி வடிவம் பயன்பட்டால் அதன் திரையை விலக்கலாம் என்று சொல்லி, அதை வரிக்குரிய வருமானமாகவே எடுத்துக்கொண்டது. கம்பெனியைக் கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு நடத்தியவர் எல்லையில்லாப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று கம்பெனிச் சட்டத்தின் 339ஆம் பிரிவும் திவால் சட்டத்தின் 66ஆம் பிரிவும் சொல்கின்றன. பொதுமக்களிடம் வைப்புத்தொகை திரட்டித் திருப்பித் தராவிட்டால், தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி நிறுவனத்தின் சொத்தோடு நடத்தியவர்களின் சொந்தச் சொத்தும் முடக்கப்படும். உச்ச நீதிமன்றம் 2011இல் அதைச் செல்லும் என்றது.

கம்பெனி வேண்டாம், வீட்டை மனைவி பேரில் எழுதிவிடலாம் என்பது நம் ஊரின் பழைய வைத்தியம். கடன் வருவதற்கு வெகுமுன்பே, நல்ல காலத்தில், உண்மையாகவே தானமாகக் கொடுத்தால் அது செல்லும். கடன்காரர் வாசலுக்கு வந்த பிறகு எழுதிய தான செட்டில்மெண்ட், சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் அடிபடும். கடன்காரர் கேட்டால் நீதிமன்றம் அதை ரத்து செய்யலாம். வங்கிகளும் சளைத்தவை அல்ல. வீடு மனைவி பேரில் என்று தெரிந்ததும் ஜாமீன் பத்திரத்தில் மனைவிக்கும் ஒரு இடம் ஒதுக்கிவிடுகின்றன. தந்தையின் கடனுக்கு மகன் கட்டுப்பட்டவன் என்ற இந்துச் சட்ட மரபு மட்டும் 2005ஆம் ஆண்டின் வாரிசுரிமைத் திருத்தத்துக்குப் பின் எழுந்த கடன்களுக்கு இல்லை. தந்தை விட்டுப்போன சொத்தின் அளவுக்கு மேல் மகனோ மகளோ தர வேண்டியதில்லை, அவர்கள் தாங்களே ஜாமீன் போட்டிருந்தால் தவிர.

சுவர் எழுப்பியவர் அதைப் பராமரிக்க வேண்டும். கம்பெனிக் கணக்கிலிருந்து மகளின் கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பது, சொந்தக் கணக்கில் வாடிக்கையாளர் பணத்தை ஜிபேயில் வாங்குவது, பில்லில் கம்பெனி பெயர் இல்லாமல் பழைய கடைப் பெயரையே அடிப்பது. இவை எல்லாம் செங்கல்லை ஒவ்வொன்றாக உருவும் வேலை. தாம் ஒரு கம்பெனிக்காகப் பேசுகிறோம் என்று சொல்லாமல் ஒப்பந்தம் போட்டவர், ஒப்பந்தச் சட்டத்தின் 230ஆம் பிரிவுப்படி தாமே கட்டுப்பட்டவராகக் கருதப்படலாம். பில், லெட்டர்பேட், பலகை எல்லாவற்றிலும் கம்பெனியின் முழுப் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. ஆண்டுதோறும் தணிக்கை, கணக்கு, ஆண்டறிக்கை தாக்கல் உண்டு. தாமதித்தால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய். மூன்று ஆண்டு தொடர்ந்து தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர் ஐந்து ஆண்டு தகுதி இழப்பார். 2017இல் அரசு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட செயல்படாத கம்பெனிகளின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்தபோது, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்கள் தகுதி இழந்தார்கள்.

இந்தச் செலவு கனமென்றால், வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மையான எல்.எல்.பி. இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் சட்டம். விற்றுமுதல் 40 லட்சமும் முதல் 25 லட்சமும் தாண்டாதவரை தணிக்கை கட்டாயம் இல்லை. ஒரு கூட்டாளியின் தவறு மற்றவர் வீட்டுக்கு வராது, தம் சொந்தத் தவறுக்கு மட்டும் அவரவர் பொறுப்பு. மருத்துவமனை, வடிவமைப்பு, ஆலோசனை போன்ற தொழில்களில் கூட்டாகச் செய்பவர்களுக்கு இது பொருந்தும். வரி விஷயத்தில் இதிலும் பிரைவேட் கம்பெனிக்கு உள்ள அதே ஓட்டை உண்டு. இன்னொன்று: பழைய கூட்டு நிறுவனத்தை எல்.எல்.பி.யாக மாற்றினால், மாற்றத்துக்கு முன் எழுந்த கடன்களுக்குப் பழைய கூட்டாளிகள் சொந்தப் பொறுப்பிலேயே இருப்பார்கள். கடை கம்பெனியானாலும் இதே நிலைதான். கடன் கொடுத்தவர் ஒப்புக்கொண்டு உங்களை விடுவிக்காதவரை, நேற்றைய கடன் நேற்றைய உங்கள் பெயரில்தான் இருக்கும்.

யார் கம்பெனி ஆக வேண்டும், யார் வேண்டாம் என்று கேட்டால் என் கணிப்பு இதுதான். வங்கிக் கடன் ஒன்றே பெரிய பொறுப்பாக உள்ள மளிகைக் கடைக்கு, தையல் கடைக்கு, ஒற்றை லேத் பட்டறைக்கு கம்பெனி வீண் செலவு. ஜாமீன் பத்திரம் அந்தச் சுவரை முதல் நாளே கடந்துவிடும். அந்தப் பணத்தில் நல்ல காப்பீடு எடுக்கலாம். வெளியூர், வெளிநாட்டு வாங்குநரோடு பெரிய ஒப்பந்தம் போடுபவருக்கு, வெளியார் முதலைச் சேர்க்க நினைப்பவருக்கு, சொந்த உறவில்லாத கூட்டாளிகளோடு தொழில் தொடங்குபவருக்கு கம்பெனி அவசியம். பட்டறை மனையைக் கம்பெனியில் போடாமல் சொந்தப் பெயரில் வைத்து கம்பெனிக்கு முறையான வாடகைக்கு விடுபவர், கம்பெனிக் கடன்காரர்களிடமிருந்து அதை எட்டி வைக்கிறார். அதை ஈடாகக் கொடுக்காதவரை.

ஜாமீன் போட்டவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். இயக்குநர் பதவியை விட்டு விலகினால் ஜாமீனும் விலகிவிட்டது என்று நினைப்பவர்கள் ஏராளம். விலகாது. பங்கைத் தம்பிக்கு விற்றாலும், பத்து ஆண்டு முன்பே கம்பெனியை விட்டு வந்திருந்தாலும், பத்திரம் வங்கியின் பெட்டியில் உயிரோடு இருக்கும். வங்கியின் கடன் ஜாமீன்கள் பெரும்பாலும் தொடர் ஜாமீன்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 130ஆம் பிரிவு, இனி வரும் கடன்களுக்கு மட்டும் அதை நோட்டீஸ் கொடுத்து ரத்து செய்ய வழி தருகிறது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் வரியும் சில படிவங்களில் இருப்பதால், அதைத் தேடிப் பாருங்கள். கம்பெனியை விட்டு வரும் நாளிலேயே வங்கிக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். அன்றைய தேதியில் பாக்கி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ஜாமீனிலிருந்து விடுவித்த கடிதம் கைக்கு வரும்வரை பங்கு விற்ற பணத்தை எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.